பனிமலை ஆசான் டென்சிங்

தை மாதத்து விடியற்காலையில் மூணாற்றுக்கு மேலே செண்டுவரைப் பக்கம் சென்றவர்கள், புல்லின்மேல் வெள்ளை படர்ந்திருக்கக் கண்டிருப்பார்கள். அது வானத்திலிருந்து விழுந்த பனியன்று. இரவின் குளிரில் படிந்த உறைபனி. கதிரவன் மேலே வந்தால் ஒரு நாழிகைக்குள் மறைந்துவிடும். மறையுமுன் தேயிலைக் கொழுந்தைக் கருக்கிவிடும். தென்னாட்டவராகிய நமக்கு வாய்த்த பனி அவ்வளவே. தென்னகத்திலேயே உயர்ந்தது என்று நாம் பெருமை பேசும் ஆனைமுடி 2,695 மீட்டர். அதைப்போல் ஒன்றரை மடங்கிற்கும் மேற்பட்ட உயரத்தில், கோடை தொடங்கினாலும் உருகாத பனியின்மீது, ஒரு மனிதர் இருபது ஆண்டுகளுக்கு மேலாக மாணவர்களுக்குப் பாடம் நடத்தினார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவர்தாம் டென்சிங் நார்கே.

டென்சிங் என்றவுடன் நமக்கு 1953-ஆம் ஆண்டு மே 29-ஆம் நாள் நினைவுக்கு வருகிறது. எவரெஸ்டின் உச்சியில் பனிக்கோடரியை உயர்த்தி நிற்கும் அந்தப் படமும் நினைவுக்கு வருகிறது. பள்ளிப் புத்தகத்தில் அவர் கதை அங்கேயே முடிந்துவிடும். ஆனால் உச்சியிலிருந்து இறங்கியபோது அவருக்கு வயது முப்பத்தொன்பது. அதன் பின்னும் முப்பத்துமூன்று ஆண்டுகள் வாழ்ந்தார். அவற்றுள் 22 ஆண்டுகள் அவர் ஆசிரியர். மலையேறியவரைப் பலரும் பாடிவிட்டார்கள். மலையேறக் கற்பித்தவரைப் பற்றிச் சொல்பவர் குறைவு. நான் சொல்ல விரும்புவது அவரைப் பற்றித்தான். எனினும் முற்பகுதியைத் தொடாமல் பிற்பகுதி விளங்காது.

அவர் 1914-இல் மே மாத இறுதியில் பிறந்தார் என்பர். நாள் சரியாகத் தெரியாததால், எவரெஸ்டு வென்ற நாளையே பிற்காலத்தில் பிறந்த நாளாகக் கொண்டார். பிறந்த ஊரைப் பற்றியும் இரு கருத்துகள் உண்டு. நேபாளத்துக் கும்புப் பகுதியிலுள்ள தாமே என்பர் சிலர். திபெத்தின் கார்த்தாப் பள்ளத்தாக்கு என்பர் வேறு சிலர். தந்தை யாக் எருமை மேய்ப்பவர். பதின்மூன்று குழந்தைகளுள் இவர் பதினொன்றாமவர்; மற்றவருள் பெரும்பாலோர் இளமையிலேயே மாண்டனர். இட்ட பெயர் நம்கியால் வாங்டி. ரோங்புக் மடத்துத் தலைமைத் துறவியின் சொற்படி அது டென்சிங் நார்கே என்று மாறியது. நற்பேறும் செல்வமும் உடைய சமயநெறியாளன் என்பது அதன் பொருளாம். செல்வம் வர நெடுங்காலம் ஆயிற்று.

பதினெட்டு வயதளவில் வீட்டை விட்டு ஓடி டார்ஜிலிங் வந்து சேர்ந்தார். தேயிலையும் குளிரும் வெள்ளைக்காரத் துரைகளும் நிறைந்த அந்த ஊருக்கு நேபாளத்து ஏழைகள் கூலி தேடிக் கால்நடையாகவே வந்தார்கள். போடியிலிருந்து குரங்கணி வழியாக நம் பாட்டன்மார் கங்காணியின் பின்னே மலையேறிய காட்சியை இதனோடு வைத்துப் பாருங்கள். மொழியும் உடையும்தாம் வேறு. 1933-இல் எவரெஸ்டுக் குழுவுக்கு ஆள் எடுத்தபோது இவரைத் தள்ளிவிட்டார்கள். 1935-இல் எரிக் ஷிப்டன் ஆள் தேர்ந்தபோது வரிசையில் நின்ற இளைஞனின் சிரிப்பு அவரைக் கவர்ந்தது; சுமைகூலியாக இடம் கிடைத்தது. நாட்கூலி பன்னிரண்டு அணா. பனிக்கோட்டைத் தாண்டினால் ஒரு ரூபாய். உயிருக்கு வந்த துன்பத்திற்கு நாலணாக் கூடுதல்!

1936, 1938 ஆண்டுகளிலும் சென்றார். 1947-இல் ஏர்ல் டென்மன் என்ற கனடா நாட்டுக்காரரோடு இசைவுச்சீட்டு இன்றித் திபெத்துக்குள் புகுந்து முயன்றார். 1952-இல் சுவிட்சர்லாந்துக் குழுவோடு இருமுறை. முதன்முறை ரேமோன் லாம்பேருடன் ஏறக்குறைய 8,600 மீட்டர் உயரத்தை எட்டினார். அதற்கு முந்திய இரவை உறங்கும் பையும் அடுப்பும் இல்லாமல் ஒரு சிறு கூடாரத்தில் இருவரும் கழித்தனர். மெழுகுவத்திச் சுடரில் பனிக்கட்டியை உருக்கி நாவை நனைத்துக்கொண்டனர். லாம்பேருக்குக் கால்விரல்கள் கிடையா. முன்பே பனி தின்றுவிட்டது. இந்தச் சுவிசுக்காரர்கள்தாம் டென்சிங்கைக் கூலியாக அல்லாமல் ஏறுபவராக, தோழராக நடத்தியவர்கள். அடுத்த ஆண்டு எவரெஸ்டின் உச்சியில் நின்றபோது டென்சிங் அணிந்திருந்தது லாம்பேர் கொடுத்த சிவப்புக் கழுத்துத்துணி.

1953-இல் பிரிட்டிஷ் குழுவோடு புறப்பட்டபோது நிலை வேறு. காத்மாண்டுவில் துரைமாருக்குத் தூதரகத்தில் அறைகள். ஷெர்ப்பாக்களுக்கு வண்டிக்கொட்டகைத் தரை. கழிப்பிடமும் இல்லை. மறுநாட்காலை ஷெர்ப்பாக்கள் கொட்டகை முன்புள்ள சாலையிலேயே சிறுநீர் கழித்துத் தங்கள் கருத்தைத் தெரிவித்தார்களாம்! தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இந்தச் செய்தி சிரிப்பையும் தரும், வேறொன்றையும் தரும்.

அந்தப் பயணத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சியை நான் உச்சியைவிடப் பெரிதாக எண்ணுகிறேன். கும்புப் பனிவீழ்ச்சியில் எட்மண்ட் ஹில்லாரி ஒரு பிளவைத் தாண்டிக் குதித்தார். கால் வைத்த விளிம்பு பெயர்ந்தது. பனிக்கட்டியோடு உள்ளே விழுந்தார். பின்னே கயிற்றின் மறுமுனையில் இருந்த டென்சிங் கண்ணிமைக்கும் நேரத்தில் கோடரியைப் பனியில் குத்திக் கயிற்றை அதில் சுற்றி இழுத்துப் பிடித்தார். ஹில்லாரி பிழைத்தார். அதன்பிறகே இருவரும் ஒரு கயிற்றில் இணையலாம் என்ற எண்ணம் வலுப்பட்டது. பின்னாளில் டென்சிங் கற்பித்த பாடங்களில் முதன்மையானது இதுவே: உன் உயிர் மற்றவன் கையில் இருக்கிறது; அவன் உயிர் உன் கையில் இருக்கிறது.

வெற்றிக்குப்பின் வந்த தொல்லைகள் பல. முதலில் கால் வைத்தவர் யார் என்ற கேள்வி ஒன்று. எந்நாட்டவர் என்ற கேள்வி மற்றொன்று. நேபாளம் தனக்கென்றது; இந்தியாவும் தனக்கென்றது. பெற்றது நேபாளம், வளர்த்தது இந்தியா என்ற பொருள்படப் பேசி அவர் நழுவிக்கொண்டார். 1956-இல் மொழிவாரி மாநிலம் பிரித்தபோது தேவிகுளத்திலும் பீர்மேட்டிலும் சித்தூரிலும் இருந்த தமிழர்களைக் கேட்டிருந்தால், அவர்களும் ஏறத்தாழ இப்படித்தான் விடை சொல்லியிருக்க வேண்டும்.

இனிப் பள்ளிக்கு வருவோம். மேற்கு வங்க முதலமைச்சர் டாக்டர் பி. சி. ராயும் பிரதமர் நேருவும் டார்ஜிலிங்கில் ஒரு மலையேற்றப் பயிற்சிக் கழகம் அமைக்க முனைந்தனர். ஒரு டென்சிங் போதாது, ஆயிரம் டென்சிங்குகள் உருவாக வேண்டும் என்பது அவர்கள் விருப்பம். 1954 நவம்பர் 4-ஆம் நாள் கழகம் பிறந்தது. முதலில் இருந்த இடம் ராய் வில்லா. சகோதரி நிவேதிதை 1911-இல் உயிர் நீத்த அதே வீடு. பின்னர் ஜவகர் பர்வதம் என்று பெயர் பெற்ற குன்றுக்கு மாறியது. முதல்வர் மேஜர் நரேந்திர தர் ஜயால். களப் பயிற்சி இயக்குநர் டென்சிங்.

ஆசிரியராக அமரும்முன் அவர் மாணவரானார். உலகத்தின் உச்சியை மிதித்தவர், நாற்பது வயதில், சுவிட்சர்லாந்து சென்று அர்னால்டு கிளாட்டார்டு என்ற மலைவழிகாட்டியின் பள்ளியில் சேர்ந்தார். உடன் சில ஷெர்ப்பாக்களும் சென்றனர். ஏறத் தெரிந்தவனுக்கு இது எதற்கு என்று தோன்றலாம். தனக்குத் தெரிவது வேறு. தெரியாதவனுக்குப் புரிய வைப்பது வேறு. ஆய்வுக்கூடத்தில் முதலாண்டு மாணவருக்குத் தராசு பிடிக்கக் கற்றுக்கொடுத்துப் பார்த்தவர்கள் இதை ஒப்புக்கொள்வார்கள். சுமை தூக்கித் தூக்கி உடம்பில் ஏறியிருந்த அறிவைப் படிப்படியாகப் பிரித்தெடுக்க அவர் அங்கே கற்றார்.

பயிற்சிக்குரிய பருவம் இரண்டு: மழைக்கு முந்திய வசந்தம், மழை ஓய்ந்தபின் வரும் கூதிர். முதலில் டார்ஜிலிங்கிலேயே பாறை ஏறும் பாடம். லேபாங் சாலையருகே அவர் பெயராலேயே டென்சிங் பாறை என்று ஒன்று இன்றும் இருக்கிறது. பிறகு மேற்குச் சிக்கிமுக்கு நடை. யுக்சோம் கடந்து காடேறி, சோங்ரி என்ற புல்மேட்டைத் தாண்டி, ராத்தோங் பனியாற்றின் அருகே கூடாரம். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஐந்தில் மூன்று பங்கே. முதல் சில நாட்கள் தலை வெடிக்கும், சோறு இறங்காது, உறக்கம் வராது. ஆகவே அவசரப்படாமல் மெல்ல ஏறுவதே முதற்பாடம். சமவெளிக்காரனின் உடம்பு குருதியில் சிவப்பணுக்களைப் பெருக்கிக் காற்றின் குறையை ஈடுசெய்யப் பார்க்கும்; அளவு மீறினால் குருதி தடித்துக் கேடு விளையும். திபெத்தியரிடமும் ஷெர்ப்பாக்களிடமும் இப்பெருக்கம் குறைவு. அதற்குக் காரணமான மரபணு வடிவம், மறைந்துபோன டெனிசோவன் மாந்தரிடமிருந்து வழிவழி வந்தது என்று 2014-இல் ஆய்வாளர் கண்டறிந்தனர். தம் மாணவர்கள் மூச்சு வாங்கும் இடத்தில் டென்சிங் ஏன் சிரித்துக்கொண்டு நின்றார் என்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பனியாற்றில் வேலை விடியுமுன்னே தொடங்கும். இரவுக் குளிரில் பனி இறுகியிருக்கும். நண்பகலில் வெயிலுக்கு இளகிச் சரியும். ஆகவே பொழுது ஏறுமுன் ஏறி, பொழுது சாயுமுன் திரும்ப வேண்டும். முடிச்சுப் போடுதல், கோடரியால் படி வெட்டுதல், காலணியில் முள்ளிரும்பு கட்டி நடத்தல், பிளவில் விழுந்தவனைத் தூக்குதல் என்று பாடங்கள் நீளும். அவற்றுள் என் மனத்தைக் கவர்ந்தது, சறுக்கும்போது தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளும் பாடம். முப்பது பாகைச் சரிவில் இறுகிய பனியில் ஒருவன் வழுக்கினால், உராய்வு மிகக் குறைவாதலால், மூன்று நொடியில் அவன் வேகம் மணிக்கு ஐம்பது கிலோமீட்டரை நெருங்கிவிடும். கணக்குப் போட்டால் நீங்களே காணலாம். அந்த மூன்று நொடிக்குள் அவன் குப்புறப் புரண்டு, கோடரியின் கூர்மூக்கைப் பனியில் ஊன்றி, தன் எடை முழுவதையும் அதன்மேல் சாய்க்க வேண்டும். யோசிக்க நேரமில்லை, கை தானாகவே செய்ய வேண்டும். ஆகவே வேண்டுமென்றே வழுக்கி வழுக்கி, நாள் முழுவதும் பழக வேண்டும். புத்தகத்தில் படித்து வருகிற வித்தையா இது? எழுத்தறியாத ஆசிரியர் இங்கே யாருக்கும் குறைந்தவர் அல்லர். சறுக்குக்கட்டை பூட்டிப் பாய்ந்திறங்கும் கலைக்குப் பின்னாளில் காசுமீரத்துக் குல்மார்க்கில் தனியே ஒரு பள்ளி எழுந்தது. டார்ஜிலிங்கில் கற்பித்தது ஏறவும், உயிரோடு இறங்கவும்.

மலை ஆசிரியர்களையும் விட்டுவைப்பதில்லை. முதல்வர் ஜயால் 1958-இல் சோ ஓயு மலையில் உயரத்தின் கொடுமை தாக்கி இறந்தார். ஆயினும் கழகம் தளரவில்லை. 1965-இல் எம். எஸ். கோலியின் தலைமையில் சென்ற இந்தியக் குழுவினர் ஒன்பதின்மர் எவரெஸ்டு ஏறினர். அவர்களுள் ஒருவர் டென்சிங்கின் உடன்பிறந்தாள் மகன் நவாங் கோம்பு. 1963-இல் அமெரிக்கக் குழுவோடு முன்பே ஏறியிருந்த அவர், எவரெஸ்டை இருமுறை எட்டிய முதல் மனிதரானார். டென்சிங் மட்டும் மறுபடி அந்த உச்சிக்குப் போகவில்லை. 1976-இல் களப் பயிற்சிப் பொறுப்பிலிருந்து விலகினார். அவர் இடத்தில் கோம்பு அமர்ந்தார்.

ஒரு செய்தி பாக்கி இருக்கிறது. ஊரார் பிள்ளைகளையெல்லாம் மலையேற்றிய டென்சிங், 1983-இல் தம் மகன் ஜாம்லிங் எவரெஸ்டுக்குப் போக உதவி கேட்டபோது மறுத்துவிட்டார். நீங்கள் ஏற வேண்டியதில்லை என்பதற்காகத்தானே நான் ஏறினேன் என்பது அவர் நிலை. பிள்ளைகளை நல்ல பள்ளிகளில் படிக்க வைத்தார், மேல்நாட்டிற்கும் அனுப்பினார். இது முரண் அல்லவா என்று என் விடுதி நண்பர் ஒருவர் கேட்டார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கவாத்து வெட்டுவதில் எங்கள் தோட்டத்திலேயே கைதேர்ந்தவர் என் தந்தை. புதிதாக வந்தவர்களுக்கெல்லாம் அவரே கற்றுக்கொடுத்தார். அந்தக் கத்தியை ஒருநாளும் என் கையில் தந்ததில்லை. விடுமுறையில் நானாக எடுத்தபோதும் பிடுங்கி வைத்தார். அன்று எனக்குக் கோபம் வந்தது. ஜாம்லிங்குக்கும் வந்திருக்கும். அவர் 1996-இல் எவரெஸ்டு ஏறித் தந்தை நின்ற இடத்தில் நின்றார். அதைக் காணத் தந்தை இல்லை.

டென்சிங் 1986-ஆம் ஆண்டு மே 9-ஆம் நாள் டார்ஜிலிங்கில் காலமானார். இறுதி ஊர்வலம் ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நீண்டது. அவர் உடலைச் சுடுகாட்டுக்குக் கொண்டுசெல்லவில்லை. அவர் பாடம் சொன்ன கழகத்தின் வளாகத்திலேயே, வானம் தெளிந்தால் கஞ்சன்ஜங்கா தெரியும் அந்தக் குன்றின்மேல், எரியூட்டினார்கள்.