பட்டினி வைத்தியத்தை மாற்றிய பான்டிங்

சர்க்கரை வியாதி வந்த பிள்ளைகளுக்கு ஒரு காலத்தில் பட்டினிதான் வைத்தியம்! எலும்பும் தோலுமாக வைத்திருந்து சாவைக் கொஞ்ச நாள் தள்ளிப்போட்டார்கள், அவ்வளவுதான். அந்தக் கொடுமைக்கு முடிவு கட்டியவர் கனடா நாட்டு டாக்டர் பிரெடரிக் பான்டிங் (1891-1941).

உலகப்போரில் காயம்பட்டுத் திரும்பியவர், 1920-ல் ஒன்டாரியோ மாநிலத்தில் கிளினிக் திறந்தார். முதல் மாச வருமானம் வெறும் 4 டாலர்! அக்டோபர் 31 பின்னிரவு. தூக்கம் வரவில்லை. கணையத்தின் குழாயைக் கட்டிவிட்டால் செரிமான நீர் நின்றுபோகும், உள்ளே சுரக்கும் ஹார்மோனை மட்டும் எடுக்கலாமே என்று நோட்டில் குறித்துக்கொண்டார். (டயாபடிஸ் என்பதைத் தப்பாக எழுதினார், அது வேற விஷயம்.)

டொரன்டோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் மெக்லியோட் இடம் கொடுத்தார். உதவிக்கு சார்லஸ் பெஸ்ட், 22 வயசு, கிட்டத்தட்ட நம்ம செட்டு! 1921 கோடை முழுக்க நாய்களிடம் சோதனை. பிறகு மருந்தைச் சுத்தப்படுத்த கொலிப் வந்து சேர்ந்தார்.

1922 ஜனவரி 11-ல் லியோனார்ட் தாம்ப்சனுக்கு ஊசி போட்டார்கள். வயசு 14, எடை 30 கிலோகூட இல்லை. பலிக்கவில்லை! 23-ந் தேதி கொலிப் சுத்தப்படுத்திய மருந்து ஏறியதும் சர்க்கரை மளமளவென்று இறங்கியது. பையன் மேலும் 13 வருஷம் வாழ்ந்தான்.

காப்புரிமையை மூவரும் ஆளுக்கு 1 டாலருக்குப் பல்கலைக்கழகத்திடமே கொடுத்துவிட்டார்கள். 1923-ல் நோபல் பரிசு பான்டிங்குக்கும் மெக்லியோடுக்கும். பெஸ்ட்டை விட்டுட்டாங்களே என்று பான்டிங்குக்கு ஒரே கோபம். தன் பணத்தில் பாதியை அவருக்கே கொடுத்தார். மெக்லியோடும் கொலிப்போடு பங்கிட்டுக்கொண்டார்.