ஷாநவாஸ் கான்: தோற்ற படையெடுப்பும் மறந்துபோன தளபதியும்

பாவூர்சத்திரம், தென்காசி, கடையநல்லூர் பகுதி முஸ்லிம் குடும்பங்களில் சிங்கப்பூர் சபர் பற்றிய பேச்சு வராத வீடு குறைவு. நம் பாட்டன்மார் பலர் பிழைப்புக்காகக் கப்பலேறிப் போன ஊர் அது. கடையநல்லூர்க்காரர்கள் அங்கே 1941ஆம் ஆண்டிலேயே சங்கம் அமைத்தார்கள். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் அந்த ஊர் ஜப்பானியர் கைக்குப் போனது. அதே நாட்களில் அங்கே கைதியான இந்திய ராணுவ அதிகாரிகளில் ஒருவர்தான் ஷாநவாஸ் கான். நேதாஜியின் பெயர் தெரிந்த நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இவரது பெயர் தெரியும்?

ஷாநவாஸ் கான் 1914 ஜனவரியில் ராவல்பிண்டி மாவட்டத்து மட்டோர் கிராமத்தில் பிறந்தார். தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்தில் சேவை செய்த குடும்பம். டேராடூன் ராணுவக் கல்லூரியில் படித்து, 14ஆவது பஞ்சாப் ரெஜிமெண்டில் அதிகாரியானார். ஆங்கிலேய அரசுக்கு விசுவாசமாக இருப்பதையே பெருமையாகக் கருதிய சூழலில் வளர்ந்தவர்.

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூரில் பிரிட்டிஷ் படை சரணடைந்தது. இரண்டு நாள் கழித்து, ஃபேரர் பார்க் மைதானத்தில் ஆயிரக்கணக்கான இந்தியச் சிப்பாய்கள் ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டனர். கேப்டன் மோகன் சிங் இந்திய தேசிய ராணுவத்தைத் தொடங்கியபோது ஷாநவாஸ் அதை எதிர்த்தார். ஜப்பானியர் நம்மவர்களைக் கருவியாக்கிக் கொள்வார்கள் என்று அஞ்சினார். 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்து தலைமை ஏற்ற பிறகே அவர் மனம் முழுமையாக மாறியது. குடும்பமா, நாடா என்ற கேள்வி எழுந்தபோது நாட்டைத் தேர்ந்தெடுத்தார்.

அந்த ராணுவத்தில் முஸ்லிம்கள் ஒதுங்கி நிற்கவில்லை. ஜெர்மனியிலிருந்து நேதாஜியோடு நீர்மூழ்கிக் கப்பலில் வந்தவர் ஹைதராபாத்தைச் சேர்ந்த ஆபித் ஹசன். ஜெய் ஹிந்த் என்ற முழக்கம் அவர் தந்தது. நேதாஜியின் கடைசி விமானப் பயணத்தில் உடன் இருந்தவர் ஹபீபுர் ரஹ்மான். மலாயாத் தோட்டங்களில் பால் மரம் வெட்டிய தமிழர்களும், தமிழ்ப் பெண்களும் பெரும் எண்ணிக்கையில் அந்தப் படையில் சேர்ந்தனர்.

இம்பால் நோக்கி

1944 மார்ச்சில் ஜப்பானின் 15ஆவது படை பர்மாவிலிருந்து இம்பால், கோஹிமா நோக்கிப் புறப்பட்டது. சுமார் 85,000 ஜப்பானிய வீரர்களோடு இந்திய தேசிய ராணுவத்தினர் சில ஆயிரம் பேரும் சென்றனர். மூன்று வாரத்தில் இம்பாலைப் பிடித்து அங்குள்ள கிடங்குகளிலிருந்தே உணவு எடுத்துக்கொள்ளலாம் என்பது ஜப்பானியத் தளபதிகளின் கணக்கு. அந்தக் கணக்கு தப்பானது. முற்றுகையிடப்பட்ட இம்பாலுக்கு பிரிட்டிஷார் விமானம் மூலம் உணவும் தோட்டாவும் கொண்டுவந்து இறக்கினார்கள்.

சுபாஷ் பிரிகேடின் தளபதியாக இருந்த ஷாநவாஸுக்கு சின் மலைகளில் ஹாக்கா, ஃபாலம் பகுதியைக் காக்கும் பொறுப்பு தரப்பட்டது. லாரி இல்லை, கோவேறு கழுதை இல்லை. வீரர்கள் அரிசி மூட்டையைத் தலையில் சுமந்து மலை ஏறினார்கள். கொசுவலை இல்லாததால் மலேரியா வாட்டியது. போரிட வந்தவர்களைச் சாலை போடவும் மாட்டுவண்டி ஓட்டவும் ஜப்பானியர் பயன்படுத்தியது அவருக்குப் பெரும் வேதனை. கோஹிமா பக்கம் போகும்படி பின்னர் உத்தரவு வந்தது. உக்ருல் போய்ச் சேர்ந்தபோது ஜப்பானியர் பின்வாங்கத் தொடங்கியிருந்தனர்.

இதற்கிடையே ஏப்ரல் 14 அன்று மணிப்பூரின் மொய்ராங் நகரில் கர்னல் ஷௌகத் மாலிக் மூவர்ணக் கொடியை ஏற்றினார். ஆனால் ஜூலையில் படையெடுப்பு கைவிடப்பட்டது. அடைமழையில், வெள்ளம் புரண்ட பாதையில் நடந்த பின்வாங்கலில் குண்டுக்கு இறந்தவர்களைவிடப் பசிக்கும் நோய்க்கும் இறந்தவர்கள் அதிகம். புல்லையும் இலையையும் தின்று வீரர்கள் நடந்தார்கள்.

அதன் பிறகும் ஷாநவாஸ் ஒதுங்கவில்லை. 1945இல் பர்மாவின் போப்பா மலைப் பகுதியில் இரண்டாவது டிவிஷனுக்குத் தலைமை ஏற்றுப் போரிட்டார். மே மாதம் பெகு அருகே பிடிபட்டார்.

செங்கோட்டை வழக்கு

1945 நவம்பர் 5 அன்று டில்லி செங்கோட்டையில் ராணுவ நீதிமன்றம் கூடியது. கடைசி முகலாய மன்னர் பஹதூர் ஷா ஜஃபரை 1858இல் ஆங்கிலேயர் விசாரித்ததும் இதே கோட்டையில்தான். ரங்கூனில் இருக்கும் அவரது கப்ருக்கு 1943இல் நேதாஜி சென்று மரியாதை செலுத்தியிருந்தார்.

இப்போது குற்றவாளிக் கூண்டில் ஒரு முஸ்லிம், ஓர் இந்து, ஒரு சீக்கியர்: ஷாநவாஸ் கான், பிரேம் குமார் ஷெகல், குர்பக்ஷ் சிங் தில்லான். புலாபாய் தேசாய் வாதாடினார். ஜவஹர்லால் நேருவும் பல ஆண்டுகளுக்குப் பின் வக்கீல் அங்கி அணிந்து வந்தார். ஷாநவாஸ் மட்டும் தனியாக வழக்கை நடத்த முன்வந்தால் முஸ்லிம் லீக் உதவும் என்று கூறப்பட்டதாகவும், தோழர்களை விட்டுப் பிரிய அவர் மறுத்ததாகவும் சொல்வார்கள்.

மூவருமே அரசருக்கு எதிராகப் போர் தொடுத்த குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. தப்பியோட முயன்ற முஹம்மது ஹுசைன் என்ற சிப்பாய்க்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்ட விவகாரத்தில், கொலைக்கு உடந்தை என்ற குற்றமும் ஷாநவாஸ் மீது சுமத்தப்பட்டு உறுதியானது. நாம் பெருமை பேசும்போது இதையும் மறைக்கக் கூடாது. மூவருக்கும் ஆயுள் முழுக்க நாடு கடத்தல் தண்டனை விதிக்கப்பட்டது. ஆனால் நாடே கொந்தளித்திருந்ததால், 1946 ஜனவரி 3 அன்று தலைமைத் தளபதி ஆக்கின்லெக் அதை ரத்து செய்தார். பதவியை மட்டும் பறித்து மூவரையும் விடுவித்தார்.

அடுத்த மாதம் கேப்டன் அப்துல் ரஷீதுக்கு ஏழாண்டு சிறை என்றதும் கல்கத்தா வீதிகளில் காங்கிரஸ் கொடியும் லீக் கொடியும் சேர்ந்தே பறந்தன. அதே பிப்ரவரியில் பம்பாயில் கடற்படையினர் கிளர்ந்தெழுந்தனர். சிப்பாய்களின் விசுவாசத்தை இனி நம்ப முடியாது என்பதை ஆங்கிலேயர் உணர்ந்தார்கள். போர்க்களத்தில் தோற்றவர்கள் மக்கள் மனதில் இடம்பிடித்தது இப்படித்தான்.

தேர்ந்தெடுத்த நாடு

பிரிவினையில் ஷாநவாஸின் சொந்த ஊர் பாகிஸ்தானுக்குப் போனது. ஹபீபுர் ரஹ்மான் உள்படத் தோழர்கள் சிலரும் அங்கேயே தங்கினர். ஷாநவாஸ் பிறந்த மண்ணை விட்டு இந்தியாவுக்கு வந்தார். மீரட் பகுதி மக்கள் அவரை நான்கு முறை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினர். ரயில்வே, போக்குவரத்துத் துறையின் துணை அமைச்சராகவும் பணியாற்றினார். நேதாஜியின் மறைவு பற்றி விசாரிக்க 1956இல் அமைக்கப்பட்ட குழுவுக்குத் தலைமை ஏற்றார். விமான விபத்தில் நேதாஜி இறந்தார் என்ற அக்குழுவின் முடிவை, உறுப்பினராக இருந்த நேதாஜியின் அண்ணனே ஏற்கவில்லை. அந்தக் கசப்பையும் ஷாநவாஸ் சுமந்தார். 1983இல் வஃபாத்தானார். தான் விசாரிக்கப்பட்ட செங்கோட்டைக்கு அருகிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

இந்தப் படையெடுப்பைப் பற்றி மாற்றுக் கருத்து உண்டு. ஜப்பானியரின் சயாம் ரயில் பாதையில் மலாயாத் தமிழர்கள் பல்லாயிரம் பேர் மாண்டார்கள். இம்பாலைக் காத்து நின்ற பிரிட்டிஷ் தரப்பிலும் இந்தியச் சிப்பாய்கள்தான் அதிகம். அவர்களிலும் முஸ்லிம்கள் இருந்தார்கள். இரு பக்கமும் நம் பிள்ளைகளே மடிந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மையான வரலாறு.

ஆனாலும் நாட்டுப்பற்றை நிரூபிக்கும்படி நம் பிள்ளைகளிடம் அடிக்கடி கேட்கப்படும் காலம் இது. கோபப்பட்டுப் பேசுவதைவிட, ஷாநவாஸ் கானின் வாழ்க்கையை எடுத்துச் சொல்லும் தெளிவு அவர்களுக்கு வேண்டும். சிங்கப்பூரில் இருக்கும் நம் சொந்தங்கள் எஸ்பிளனேட் பூங்காவுக்குப் போனால், இந்திய தேசிய ராணுவ நினைவுச் சின்னம் இருந்த இடத்தைக் குறிக்கும் பலகையைப் பார்க்கலாம். 1945இல் பிரிட்டிஷார் தகர்த்த அந்தச் சின்னத்தில் பொறிக்கப்பட்டிருந்தவை மூன்று உருதுச் சொற்கள்: இத்திஃபாக், இத்திமாத், குர்பானி. ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம். அடுத்த முறை பிள்ளைகளோடு போகும்போது அங்கே சற்று நின்று, இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

அல்லாஹ் அன்னாரின் பிழைகளைப் பொறுத்து, நற்செயல்களை ஏற்றுக்கொள்வானாக. ஆமீன்.