மூன்றாவது முறை திறந்த கதவு

குட்டீஸ், ஒரு நுழைவுத் தேர்வில் இரண்டு முறை தோற்றுப் போனால் என்ன செய்வீர்கள்? அதுவும் ஊரை விட்டு, கடலைத் தாண்டி வந்து, புதிய மொழியில் எழுதிய தேர்வு! ஒரு பெண் மூன்றாம் முறையும் எழுதினார். அவர்தான் ஜூலியா மோர்கன்.

அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரில் 1872ம் ஆண்டு ஜனவரி 20ம் தேதி பிறந்தவர் ஜூலியா. வளர்ந்தது பக்கத்து ஊரான ஓக்லண்டில். சிறு வயதில் இருந்தே கணக்கு என்றால் கொள்ளை ஆசை. உறவினர் ஒருவர் கட்டடக் கலைஞராக இருந்ததால், தானும் அப்படி ஆக வேண்டும் என்ற எண்ணம் அவர் மனதில் விழுந்தது.

பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அப்போது அங்கே கட்டடக் கலைக்குத் தனித் துறை கிடையாது. எனவே சிவில் இன்ஜினியரிங் படித்தார். பெண்கள் பொறியியல் படிப்பது அபூர்வமாக இருந்த காலம் அது. 1894ல் பட்டம் பெற்றார். அவருடைய திறமையைக் கண்ட பெர்னார்ட் மேபெக் என்ற ஆசிரியர், பாரீஸ் சென்று படிக்கும்படி தூண்டினார். உலகிலேயே சிறந்த கட்டடக் கலைப் பள்ளி என்று பேர் வாங்கிய "எகோல் தே போஸார்" அங்கேதான் இருந்தது. மேபெக்கும் அதன் மாணவரே.

1896ல் ஜூலியா பாரீஸ் போய்ச் சேர்ந்தார். அந்தப் பள்ளியிலோ பெண்களுக்கு இடமே இல்லை! பிரான்ஸ் நாட்டின் பெண் ஓவியர்களும் சிற்பிகளும் பல ஆண்டுகள் போராடியதால், 1897ல் பெண்களும் நுழைவுத் தேர்வு எழுதலாம் என்ற நிலை வந்தது.

கணக்கு, ஓவியம், வரலாறு, கட்டட வடிவமைப்பு என்று பல பாடங்களில் தேர்வு. எல்லாம் பிரெஞ்சு மொழியில். அடி, அங்குலம் என்று அளந்து பழகிய ஜூலியா, மீட்டரில் சிந்திக்க வேண்டியிருந்தது. முதல் முறை 42வது இடம் கிடைத்தது. சேர்த்துக் கொண்டதோ முதல் 30 பேரை மட்டுமே! இரண்டாம் முறை நன்றாகவே எழுதினார். ஆனால், பெண்களை ஊக்குவிக்க விரும்பாத தேர்வாளர்கள் அவருடைய மதிப்பெண்ணைக் குறைத்து விட்டார்கள்.

ஊருக்குத் திரும்பி விடலாமே? ஜூலியா திரும்பவில்லை. மறுபடியும் படித்தார், வரைந்தார். 1898ல் மூன்றாம் முறை எழுதியபோது 13வது இடம்! இனி யாராலும் அவரை ஒதுக்க முடியவில்லை. அந்தப் பள்ளியில் கட்டடக் கலை படிக்கச் சேர்ந்த முதல் பெண் அவரே.

அதோடு கஷ்டம் தீர்ந்ததா? இல்லை. முப்பது வயதாகி விட்டால் மாணவர்கள் பள்ளியை விட்டுப் போக வேண்டும் என்பது விதி. ஜூலியாவுக்கு அப்போதே 26 வயது. அங்கே ஒவ்வொரு வரைபடமும் ஒரு போட்டி. அதில் வென்று புள்ளிகள் சேர்த்தால்தான் சான்றிதழ். நேரம் முடிந்ததும் ஒரு தள்ளுவண்டி வந்து எல்லாருடைய வரைபடங்களையும் வாரிக்கொண்டு போகும். முடிக்காத மாணவர்கள் வண்டியோடு ஓடிக்கொண்டே கடைசிக் கோடுகளைப் போடுவார்களாம்!

ஜூலியாவும் காலத்தோடு ஓடினார். அரண்மனைக்குள் அமையும் ஒரு நாடக அரங்கை வடிவமைத்து, 1902ல் சான்றிதழைப் பெற்றார். அந்தப் பள்ளியில் கட்டடக் கலைக்கான சான்றிதழ் பெற்ற முதல் பெண்ணும் அவரே.

தாயகம் திரும்பியவர், 1904ல் கலிபோர்னியாவில் கட்டடக் கலைஞர் உரிமம் பெற்ற முதல் பெண் ஆனார். அதே ஆண்டு ஓக்லண்டில் ஒரு மகளிர் கல்லூரிக்கு 72 அடி உயர மணிக்கோபுரம் கட்டினார். செங்கல்லை நம்பாமல், இரும்புக் கம்பிகளை உள்ளே வைத்துக் கான்கிரீட்டால் கட்டினார். கான்கிரீட் பாரத்தைத் தாங்கும். ஆனால் இழுத்தால் விரிசல் விடும். இரும்போ இழுவிசையைத் தாங்கும். இரண்டும் சேர்ந்தால் உறுதி அதிகம். அந்த நாளில் அங்கே இது புதுமை.

1906 ஏப்ரல் 18 அதிகாலை பெரும் பூகம்பம் வந்தது. அதைத் தொடர்ந்து மூண்ட தீயில் சான்பிரான்சிஸ்கோ நகரின் பெரும்பகுதி அழிந்தது. ஓக்லண்டிலும் பல கட்டடங்கள் சேதமடைந்தன. ஜூலியாவின் கோபுரமோ அசையாமல் நின்றது! உடனே பலரும் அவரைத் தேடி வந்தார்கள். பூகம்பத்தில் சிதைந்த பிரபல ஃபேர்மாண்ட் ஓட்டலைச் சீரமைக்கும் பொறுப்பும் அவரிடமே வந்தது. ஓராண்டிலேயே, 1907ல் அந்த ஓட்டல் திறக்கப்பட்டது.

பத்திரிகை அதிபர் வில்லியம் ராண்டால்ஃப் ஹெர்ஸ்ட்டுக்காக, சான் சிமியன் மலை உச்சியில் அவர் கட்டிய மாளிகை உலகப் புகழ் பெற்றது. 1919ல் தொடங்கிய அந்த வேலை 1947 வரை, 28 ஆண்டுகள் நடந்தது. ஐந்தடி உயரமே இருந்த ஜூலியா, வார இறுதிகளில் இரவு ரயிலேறிப் போய், சாரத்தின் மேல் ஏறி வேலையைப் பார்வையிடுவார். தன் வாழ்நாளில் 700க்கும் மேற்பட்ட கட்டடங்களை உருவாக்கினார். தன்னைப் பற்றிப் பேசுவதில் அவருக்கு விருப்பம் இருந்ததில்லை. கட்டடம் பேசினால் போதும் என்று நினைத்தவர்.

1957ல், 85வது வயதில் ஜூலியா காலமானார். அமெரிக்கக் கட்டடக் கலைஞர் கழகத்தின் மிக உயர்ந்த விருதான தங்கப் பதக்கம் 2014ல்தான் அவர் பெயருக்கு வழங்கப்பட்டது. அதைப் பெற்ற முதல் பெண்ணும் அவரே. விருது வர 57 ஆண்டுகள் தாமதமானது. அவர் கட்டிய மணிக்கோபுரமோ அதற்காகக் காத்திருக்கவில்லை. நூறு ஆண்டுகளைத் தாண்டியும் ஓக்லண்டில் நிமிர்ந்து நிற்கிறது.