ஆயிரம் பெண்களின் தாய்

எலிசா அக்னியூ அம்மையார் 1807இல் நியூயோர்க்கில் பிறந்தார். சிறுவயதிலே பூமிசாஸ்திர வகுப்பில், மிஷனரிப் பெண்ணொருவரின் கல்லறை தூரத் தீவொன்றில் இருப்பதை அறிந்து, தாமும் ஊழியத்துக்குப் போவதெனத் தீர்மானித்தார். ஆயினும் பெற்றோர் மறைந்த பின்னரே, 1839இல், கப்பலேற முடிந்தது. 1840இல் யாழ்ப்பாணம் வந்தவர் ஒருமுறையேனும் தாய்நாட்டுக்குத் திரும்பவில்லை. உடுவில் பெண்கள் விடுதிப் பாடசாலையை 1879வரை நடத்தினார். தாய், மகள், பேத்தி என மூன்று தலைமுறையினர் அவரிடம் படித்தனர். ஆயிரத்துக்கு மேற்பட்ட அம்மாணவியருள் அறுநூறுக்கு மேற்பட்டோர் கிறிஸ்தவராயினர்.

எமக்குப் பெரிதாகத் தோன்றுவது அதன் பின்னர் அவர் செய்ததே. விடுதியில் எல்லாருடனும் சேர்ந்து ஜெபித்தவள், மணமாகிப் போன வீட்டில் தனித்துவிடுவாள். அங்கே வேதத்தைக் கையில் எடுப்பதற்கே துணிவு வேண்டும். விடுமுறைகளில் அம்மையார் அந்த வீடுகளைத் தேடிச் சென்றார்; கூட இருந்து பேசினார், ஜெபித்தார். ஒருவர் படலையைத் திறந்து வருவதன் அருமை, உருத்திரபுரத்தில் வாய்க்காலோரங்களில் தூரத்தூர வாழும் பழைய மாணவியராகிய எமக்கு நன்கு தெரியும். அப்படித் தாங்கப்பட்டவர்களுள் பலர் கிராமப் பாடசாலைகளில் ஆசிரியைகளாகிப் பிறரைத் தாங்கினர்.

ஓய்வின்பின் மானிப்பாயில் வாழ்ந்து, 1883இல் காலமானார். மணமே செய்யாத அவரை ஆயிரம் பெண்களின் தாய் என்று ஊரார் அழைத்தனர்.