தீரர் கண்ட நீர்த்தேக்கம்

நுழையும்முன்

ஒரு நகருக்கு நீர் தருவது ஒருவர் ஓராண்டில் முடிக்கும் பணியன்று. திட்டமிடுபவர் ஒருவர், நிதி ஒதுக்குபவர் மற்றொருவர், கட்டி முடிப்பவர் வேறொருவர், பருகுபவரோ அடுத்தடுத்த தலைமுறையினர். இதனை அறிந்தும் தமக்குக் கிடைத்த குறுகிய பதவிக்காலத்தை ஒரு நகரின் நீர்த்தேவைக்கு ஈந்தவர் தீரர் சத்தியமூர்த்தி.

பூவிருந்தவல்லியை அடுத்துள்ள திருமழிசை, ஆழ்வார் ஒருவர் அவதரித்த பெருமைக்குரிய ஊர். அதன் தெற்கே செம்பரம்பாக்கம் ஏரி கடல்போல் விரிந்து கிடக்கிறது. வடமேற்கே, திருவள்ளூருக்கு அப்பால், கொற்றலையாறு எனப்படும் கொசஸ்தலையாற்றின் குறுக்கே பூண்டி நீர்த்தேக்கம் அமைந்துள்ளது. இவ்விரண்டையும் இன்று ஓர் இணைப்புக் கால்வாய் பிணைக்கிறது. ஏரி, பாசனத்திற்காக முன்னோர் அமைத்தது. நீர்த்தேக்கமோ சென்னையின் குடிநீருக்கெனக் கட்டப்பட்டது. சத்தியமூர்த்தி சாகர் என்னும் அதன் பெயருக்குப் பின்னே ஒரு மனிதரின் விடாமுயற்சி இருக்கிறது.

திருமயம் தந்த தலைவர்

சத்தியமூர்த்தி 1887ஆம் ஆண்டு ஆகஸ்டு 19ஆம் நாள் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தைச் சேர்ந்த திருமயத்தில் பிறந்தார். புதுக்கோட்டையிலும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்றபின், சட்டம் கற்று வழக்கறிஞரானார். நாட்டு விடுதலை வேட்கை அவரைக் காங்கிரசுப் பேரியக்கத்திற்கு ஈர்த்தது. தமிழிலும் ஆங்கிலத்திலும் தங்குதடையின்றிப் பேசவல்ல அவர், சென்னைச் சட்டமன்றத்திலும் பின்னர் மத்திய சட்டமன்றத்திலும் ஆங்கில அரசை வினாக்களால் திணறச் செய்தார். நாடகத்திலும் இசையிலும் ஈடுபாடு மிக்கவர். காமராசரின் அரசியல் ஆசானாகவும் விளங்கினார். அஞ்சாமையே அவருக்குத் ‘தீரர்’ என்னும் அடைமொழியைத் தந்தது.

நீருக்கு ஏங்கிய நகரம்

சென்னை, கடலை ஒட்டிய தாழ்வான சமவெளி. வடகிழக்குப் பருவமழை சில வாரங்களில் பெருவெள்ளமாகப் பொழிந்துவிடும். சரிவு குறைந்த நிலத்தில் அந்நீர் தேங்கித் துன்பம் தரும். அல்லது கடலில் கலந்து வீணாகும். மழை ஓய்ந்த மாதங்களிலோ குடிநீருக்குத் தட்டுப்பாடு நேரும். 1772இல் ஏழுகிணறும், 1872 முதல் செங்குன்றம் ஏரியும் நகரின் தாகம் தணித்து வந்தன. ஆனால் 1931இல் ஏறத்தாழ 6.47 இலட்சமாக இருந்த மக்கள்தொகை, 1941இல் 7.77 இலட்சமாகப் பெருகியது. பழைய ஏற்பாடுகள் இப்பெருக்கத்திற்கு ஈடுகொடுக்க இயலவில்லை.

இந்நெருக்கடியான காலத்தில், 1939இல், சத்தியமூர்த்தி சென்னை மாநகராட்சியின் மேயரானார். அப்பதவியின் காலம் ஓராண்டே. அன்றைய சட்டப்படி நிருவாகப் பொறுப்பு அரசு அமர்த்திய ஆணையரிடம் இருந்தது. மன்றத்திற்குத் தலைமை வகிப்பதும், உறுப்பினர்களை ஒருமுகப்படுத்துவதும், அரசிடம் நகரின் தேவையை எடுத்துரைப்பதுமே மேயரால் இயல்வன.

எதிர்த்த நாவே இணங்கவைத்தது

காலமும் சாதகமாக இல்லை. 1939 செப்டம்பரில் இரண்டாம் உலகப்போர் மூண்டது. இந்தியரைக் கலந்து பேசாமல் நாட்டைப் போரில் ஈடுபடுத்தியதைக் கண்டித்து, அக்டோபர் இறுதியில் சென்னை மாகாணக் காங்கிரசு அமைச்சரவை பதவி விலகியது. ஆட்சிப் பொறுப்பை ஆளுநர் நேரடியாக ஏற்றார். அரசின் கவனமும் கருவூலமும் போரை நோக்கித் திரும்பியிருந்தன. பெருஞ்செலவு பிடிக்கும் அணைத் திட்டத்தைத் தள்ளிப்போட இதைவிட வேறு காரணம் வேண்டுவதில்லை.

சத்தியமூர்த்திக்கு முன்னே ஒரு சிக்கல் நின்றது. தம் இயக்கம் எந்த அரசை எதிர்க்கிறதோ, அதே அரசின் இசைவின்றி அணை எழாது. கொள்கை உறுதியைக் காரணம் காட்டி அவர் ஒதுங்கியிருக்கலாம். ஆனால் விடுதலைக்காகப் போராடுவதும், தாகத்தால் வாடும் மக்களுக்காக வாதாடுவதும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல என அவர் கருதினார். அரசை எதிர்த்து முழங்கிய அதே நாவன்மையால் அரசை இணங்கவைத்தார். 1940இல் பூண்டியில் அடிக்கல் நாட்டப்பட்டது.

திட்டத்தின் அமைப்பு எளிமையானது. கொசஸ்தலையாற்றில் பெருகிவரும் வெள்ளத்தைப் பூண்டியில் தேக்குதல். தேவையானபோது ஆற்றின் வழியே விடுதல். தாமரைப்பாக்கம் அணைக்கட்டில் திருப்பிச் சோழவரம் ஏரிக்கும், அங்கிருந்து செங்குன்றம் ஏரிக்கும் கொண்டுசேர்த்தல். ஏறத்தாழ 65 இலட்சம் ரூபாய்ச் செலவில், 2,573 மில்லியன் கன அடி கொள்ளளவுடன் 1944இல் பணி நிறைவுற்றது.

பருகாத நீர்

அந்த நிறைவு நாளைக் காணச் சத்தியமூர்த்தி உயிருடன் இல்லை. 1942இல் வெள்ளையனே வெளியேறு இயக்கத்தின்போது கைதாகி அமராவதிச் சிறைக்குக் கொண்டுசெல்லப்பட்ட அவர், முதுகெலும்பில் ஏற்பட்ட பாதிப்பால் நலிவுற்றார். 1943ஆம் ஆண்டு மார்ச்சு 28ஆம் நாள் சென்னைப் பொது மருத்துவமனையில் காலமானார். அணைக்கு இசைவளித்த அரசே அதற்கு வித்திட்டவரைச் சிறையிலிட்டது. அவர் தேக்கக் கனவுகண்ட நீரில் ஒரு துளியையும் அவர் பருகவில்லை.

அவர் தொடங்கிய பணி அவரோடு நிற்கவில்லை. 1983இல் ஆந்திரப் பிரதேசத்துடன் ஏற்பட்ட ஒப்பந்தத்தின் பயனாக, 1996இல் கண்டலேறு கால்வாய் வழியே கிருஷ்ணா நீர் பூண்டியை அடைந்தது. நீர்த்தேக்கத்தின் கொள்ளளவும் 3,231 மில்லியன் கன அடியாக உயர்த்தப்பட்டது. ஒரு தலைமுறை செலவிட்ட பணத்தின் பயனைப் பல தலைமுறைகள் துய்க்கின்றன.

பதவியின் நீளம் அன்று, அதனைப் பயன்படுத்தும் பாங்கே ஒருவரின் புகழை நிலைநிறுத்துகிறது. மழைக்காலத்தில் பூண்டி நிரம்பும்போதெல்லாம், ஓராண்டு மட்டுமே மேயராக இருந்த ஒருவரின் தொலைநோக்கும் அங்கே நிறைந்து நிற்கிறது.

தெரிந்து தெளிவோம்

ஒரு மில்லியன் கன அடி என்பது ஏறத்தாழ 2 கோடியே 83 இலட்சம் லிட்டர் நீராகும். ஆயிரம் மில்லியன் கன அடி சேர்ந்தது ஒரு டி.எம்.சி.