கால்நடையாக வந்த கால்டுவெல் ஐயர்

தமிழ் மொழிநூல் பயில்வார்க்குக் கால்டுவெல் ஐயர் என்னும் பெயர் முதலாண்டு வகுப்பிலேயே அறிமுகமாகின்றது. ஒப்பிலக்கணம் இயற்றியவர், அத்தியட்சராய் விளங்கியவர், சென்னைக் கடற்கரையில் 1968-ம் ஆண்டிலே சிலையாக நிறுத்தப்பெற்றவர் என்னும் அளவில் அவரை அறிந்து அமைவார் பலர். அவர் சென்னையினின்றும் திருநெல்வேலிச் சீமைக்கு நடந்தே வந்தவர் என்பதையும், அங்ஙனம் நடந்தமைக்கு அவர் கொண்ட காரணத்தையும் அறிந்தார் சிலரே. அந்நடையைப் பற்றியே யாம் ஈண்டுச் சிறிது விரித்தெழுதக் கருதினோம். அவர்தம் வாழ்க்கையின் ஏனைய செய்திகள் அதனைச் சார்ந்து வருவனவாகும்.

இராபர்ட் கால்டுவெல் 1814-ம் ஆண்டு மே மாதம் 7-ம் நாள் அயர்லாந்து தேசத்தில், ஸ்காட்லாந்து நாட்டினரான பெற்றோர்க்குப் பிறந்தார். சிறுபருவத்திலேயே கிளாஸ்கோ மாநகரம் சேர்ந்து வளர்ந்தார். இளமையில் ஓவியக் கலையை விரும்பி டப்ளின் நகரத்திற் சில ஆண்டு அதனைப் பயின்றதும் உண்டு. பின்னர் அவர் உள்ளம் திருப்பணியை நாடியது. கிளாஸ்கோப் பல்கலைக்கழகத்தில் கிரேக்கம் கற்பித்த சாண்ட்போர்டு என்னும் பேராசிரியர், ஒரு மொழியை மற்றொரு மொழியோடு ஒப்புவைத்து நோக்கும் ஆர்வத்தை மாணவர் மனத்தில் வித்தினார். வித்து வேறெங்கோ விழுந்திருப்பின் என்னாயிருக்குமோ, யாம் அறியோம். கால்டுவெல் என்னும் மாணவரிடத்து விழுந்தமை தமிழ் செய்த தவமேயாம்.

1837-ம் ஆண்டிற் பட்டம் பெற்ற அவர், இலண்டன் சங்கத்தின் ஊழியராய்க் கப்பலேறி, 1838-ம் ஆண்டு ஜனவரி மாதம் 8-ம் நாள் சென்னைத் துறையில் இறங்கினார். தெலுங்கு மொழிக்கு அரும்பணி புரிந்த பிரௌன் துரையவர்களும் அக்கப்பலிலேயே வந்தார்கள் என்பது நினைவுகூரத் தக்கது. கரை காணாமுன்னரே இந்நாட்டு மொழிகளைப் பற்றிய பேச்சு அவர் காதிற் புகுந்துவிட்டது. சென்னையில் மூன்றாண்டுக்கு மேல் தங்கித் தமிழ் கற்றார். திருக்குறளின் ஒரு பகுதியை ஆங்கிலத்தில் பெயர்த்த துரூ ஐயர், பின்னாளில் தமிழுலகம் போற்றிய போப் ஐயர் முதலியோருடைய பழக்கம் அங்கே அவருக்குக் கிடைத்தது. ஆயினும் சென்னை, தமிழ்நாடு முழுவதும் ஆகாது. கோட்டையும் துறைமுகமும் பல மொழி வழங்கும் கடைத்தெருவும் உடைய அந்நகரத்திலிருந்துகொண்டு தமிழ் மக்களை அறிந்தோம் எனக் கருதுதல் பேதைமையென்பது அவருக்கு விளங்கியது.

1841-ம் ஆண்டில் அவர் இலண்டன் சங்கத்தை விட்டு நீங்கி எஸ். பி. ஜி. சங்கத்திற் சேர்ந்தார். திருநெல்வேலிச் சீமையின் தென்கோடியிலுள்ள இடையன்குடி அவருக்குரிய இடமாக வகுக்கப்பட்டது. அதற்கு முன் நீலகிரியிலிருந்த ஸ்பென்சர் அத்தியட்சரிடம் அவர் குருப்பட்டம் பெறவேண்டியிருந்தது. ஆகவே முதலில் நீலகிரி, அதன்பின் திருநெல்வேலி என வழி அமைந்தது. இவ்வழி முழுவதையும் காலால் நடந்து கடப்பதென அவர் துணிந்தார்.

இத்துணிவின் அருமையை அறிய வேண்டுமாயின் அந்நாட் பயணம் எத்தகையதென்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். தென்னாட்டில் முதற் புகைவண்டி ஓடியது 1856-ம் ஆண்டிலேதான். அதற்கு முன் ஐரோப்பியர் பெரும்பாலும் பல்லக்கில் ஏறியே செல்வர். வெயிலுக்கு அஞ்சி இரவில் பயணஞ் செய்வதே வழக்கம். போகிகள் தோள்மாற்றி ஓடிக்கொண்டிருக்க, உள்ளிருப்பவர் திரையை இழுத்துவிட்டுக்கொண்டு உறங்குவார். விடியும்போது ஒரு பங்களாவின் வாயிலில் இறக்கப்படுவார். இவ்வண்ணம் நூறு காதம் சென்றாலும், சென்றவர் கண்டது பல்லக்கின் திரையும் பங்களாவின் சுவருமே. இக்காலத்து யாமும் இரவுப் பேருந்தில் ஏறிக் கண்மூடிக் காலையில் வேற்றூரில் விழிக்கின்றோமாதலின், அவர்களை இகழ்வதற்கு எமக்கு உரிமையில்லை.

மக்களுடைய எண்ணங்களையும் பழக்கவழக்கங்களையும் நேரில் அறியவும், அவர்களோடு தடையின்றிப் பேசவுமே கால்டுவெல் ஐயர் நடையை விரும்பினார். பல்லக்கைக் கண்டால் உழவன் வரப்பினின்றும் ஒதுங்கி நிற்பான். நடப்பவனைக் கண்டாலோ எவ்வூர், எங்கே போகின்றீர் என்று கேட்பான். இவ்வேறுபாட்டை அவர் நன்கு உணர்ந்திருந்தார். ஆயினும் பல்லக்கும் பரிவாரமுமின்றித் தூசி படிந்த காலோடு வரும் வெள்ளையரை ஊரார் என்னென்று மதிப்பர்? துரைமக்களுக்குரிய மரியாதை அவருக்கு எளிதிற் கிடைக்கவில்லை. தங்குதற்கு இடமும் எங்கும் கிடைத்துவிடவில்லை. இடம் மறுக்கப்படுதல் இன்னதென்று ஆளுங்குலத்தினர் ஒருவர் அறிதல் அரிது. அதனை அவர் இருபத்தேழாம் வயதிலே தாமே தேடிச்சென்று அறிந்தார் என்பதை யாம் சிறு செய்தியாகக் கருதவில்லை.

சென்னையை விட்டுக் கடற்கரை வழியே தெற்கு நோக்கி வந்தார், சிதம்பரத்தைக் கண்டார், தரங்கம்பாடி சேர்ந்தார். அவ்வூர் அந்நாளில் டேனியர்க்கு உரியதாகவே இருந்தது. 1845-ம் ஆண்டிலேதான் அது ஆங்கிலேயர்க்கு விற்கப்பட்டது. 1706-ம் ஆண்டில் சீகன்பால்கு ஐயர் வந்திறங்கியதும், 1715-ம் ஆண்டில் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சேறியதும் அவ்விடத்தேயாம். அங்கிருந்து கும்பகோணம் வழியே தஞ்சை புகுந்தார். சுவார்ட்சு ஐயருக்குச் சரபோசி மன்னர் சலவைக்கல்லில் நினைவுச் சின்னம் எழுப்பிய நகரம் அது. வேதநாயக சாஸ்திரியார் முதுமைப் பருவத்தராய் அந்நாளில் அந்நகரத்தே வாழ்ந்துகொண்டிருந்தார். பின்னர்த் திருச்சிராப்பள்ளி, அது 1826-ம் ஆண்டிலே ஈபர் அத்தியட்சர் நீராடுமிடத்தில் உயிர்நீத்த ஊர். அதன்பின் கொங்குநாட்டைக் கடந்து நீலகிரி மலைமேல் ஏறினார்.

செப்டம்பர் மாதம் 19-ம் நாள் உதகமண்டலத்தில் அவருக்குக் குருப்பட்டம் அளிக்கப்பெற்றது. அம்மலையில் வாழும் தோடர், கோத்தர் என்னும் குடிகளின் பேச்சு, பின்னர் அவருடைய ஒப்பிலக்கணத்தில் தமிழுக்கு உறவாகிய மொழிகளின் வரிசையில் இடம்பெற்றது. மலையினின்றிறங்கி மதுரை வந்து, மேலும் தெற்கே நடந்து, நாசரேத்து, முதலூர் முதலிய கிறிஸ்தவ ஊர்களைக் கண்டு, ஆண்டு முடியுமுன் இடையன்குடி எய்தினார். நிலப்படத்தில் அளந்து பார்ப்பின் அவர் நடந்த வழி அறுநூறு மைலுக்குக் குறையாது.

இடையன்குடி தேரி நிலம். செம்மணல் கண்ணுக்கெட்டும் வரை பரந்து கிடக்கும்; வெயில் ஏறினால் அம்மணலில் அடிவைத்தல் இயலாது. நெல் விளையும் நிலமன்று அது. பனையே அம்மக்களுக்கு வயலும் தோட்டமும். காலையிலும் மாலையிலும் பல பனைகளில் ஏறியிறங்கிப் பதநீர் இறக்குவதும், பெண்டிர் அதனைக் காய்ச்சிக் கருப்பட்டி வார்ப்பதும் அவர்தம் தொழில். ஐயர் ஊரைத் திருத்தி நேரான தெருக்கள் வகுத்தார், கிணறுகள் தோண்டுவித்தார், பள்ளிகள் அமைத்தார். 1844-ம் ஆண்டில், நாகர்கோவிலில் ஊழியம் புரிந்த மால்ட் ஐயருடைய மகளாராகிய எலைசா அம்மையாரை மணந்தார். குழந்தைப் பருவமுதல் தமிழ் பேசிப் பழகிய அவ்வம்மையார், இடையன்குடியிற் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தி, பின்னல் வேலையும் கற்பித்து, ஏழைக் குடும்பங்களுக்கு வருவாய்க்கு வழி காட்டினார். ஐயர்க்குரிய புகழிற் பாதி அம்மையாரைச் சாரும் என்பது எம் கருத்து.

இனி, இப்பெரியார் வாழ்க்கையில் ஒளித்தற்கியலாத ஒரு செய்தியைக் கூறவேண்டும். நாடார் மக்களைப் பற்றி அவர் 1849-ம் ஆண்டில் ஆங்கிலத்தில் ஒரு சிறு நூல் வெளியிட்டார். அதன் தலைப்பில் அவர் வழங்கிய குலப்பெயரே பின்னாளில் அம்மக்களால் விலக்கப்பட்டதாகும். 1921-ம் ஆண்டில் அரசாங்கமும் நாடார் என்னும் பெயரை ஏற்றுக்கொண்டது. அந்நூலில் அவர்கள் ஈழத்தினின்று வந்து குடியேறியவர் என்றும், அறிவில் மந்தமானவர் என்றும், பேய்வணக்கத்தில் ஆழ்ந்தவர் என்றும் எழுதினார். எட்டாண்டு அவர்களிடையே வாழ்ந்தவர், அவர்கள் வார்த்த கருப்பட்டியை உண்டவர், அவர்கள் பிள்ளைகளுக்குத் திருமுழுக்களித்தவர், இங்ஙனம் எழுதினார். கல்வியில் முன்னேறிய அம்மக்கள் பின்னாளில் அந்நூலைப் படித்தபோது நெஞ்சம் கொதித்தனர். எதிர்ப்புப் பல ஆண்டுகள் நீடித்தது. இறுதியில் அந்நூல் வழக்கினின்று விலக்கப்பட்டது.

மக்களை அறிவதற்காகவே அறுநூறு மைல் நடந்தவர் தம் ஊராரை எங்ஙனம் அறியாது போனார்? அவர் எழுதியது இங்கிலாந்தில் பொருளுதவி புரிவோர் படித்தற்பொருட்டு. அவர்கள் உள்ளம் இரங்க வேண்டுமாயின் இங்குள்ள நிலை இழிவாகத் தோன்றவேண்டும் என்று காரணம் கூறுவார் உளர். அது உண்மையாகலாம், முழு உண்மை ஆகாது. வழிநடந்த நாளில் அவர் கேட்பவராய் இருந்தார். சத்திரத்துத் திண்ணையில் இடம் வேண்டி நின்றவர், எதிரில் இருந்தவன் சொல்லை ஊன்றிக் கேட்டே ஆகவேண்டும். இடையன்குடியிலோ அவரே ஊரை அமைத்தவர், வழக்குத் தீர்ப்பவர், பள்ளியும் பணமும் கையிலுடையவர். ஐயா என்று கைகட்டி நிற்பவன் தன் மனத்திலுள்ளதை எல்லாம் சொல்வானா? அவன் வாய்மூடி நின்றதை அவர் மந்தபுத்தி எனக் கொண்டார் போலும். தேரி மணலில் முப்பது பனை ஏறியிறங்கி மீண்டவன் நண்பகலில் சோர்ந்திருந்ததையும் அவர் அவ்வாறே கொண்டிருக்கலாம். மிஷன் பள்ளிகள் வழியே கல்வி பெற்றவர்களே எழுந்து அவரை மறுத்தனர் என்பதை நோக்க, அவருடைய பணி அவருடைய நூலினும் உண்மையாய் இருந்தது எனல் பொருந்தும்.

மொழித்துறையிலோ அவர் செவி பிழைபட்டது மிகக் குறைவு. உடல்நலங் கருதிச் சீமைக்குச் சென்றிருந்த காலத்தில், 1856-ம் ஆண்டில், திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் இலண்டனில் வெளிவந்தது. தென்மொழிகள் வடமொழியினின்றும் பிறந்தன அல்ல, தனிக்குடும்பம் என்னும் கருத்தை முதலில் வெளியிட்டவர் அவரல்லர்; எல்லிஸ் துரை 1816-ம் ஆண்டிலேயே அதனைக் கூறினார். முதன்மையைக் கால்டுவெல் ஐயருக்கே ஏற்றி எல்லிஸை மறத்தல் நன்றியன்று. ஆயினும் ஒலி, வேர்ச்சொல், வேற்றுமை, எண், இடப்பெயர், வினை என ஒவ்வொன்றாக எடுத்து நிறுவிக் காட்டியவர் கால்டுவெல் ஐயரே. 1875-ம் ஆண்டில் விரித்தெழுதிய இரண்டாம் பதிப்பில் பன்னிரண்டு மொழிகளை அக்குடும்பத்தில் எண்ணினார். அவற்றுள் ஆறு, ஏடும் எழுத்தும் அற்ற மலைவாணர் மொழிகள். புலவர் நாவில் வழங்குவதற்கும் தோடர் நாவில் வழங்குவதற்கும் மொழிநூலார் முன்னிலையில் ஒரே மதிப்பென்று கொண்டமை, ஊரூராய் நின்று பாமரர் பேச்சைக் கேட்டு வந்தவர்க்கு எளிதாயிற்று என யாம் நம்புகின்றோம். தாழ்த்தப்பட்ட மக்களும் திராவிட இனத்தாரேயென்று வாதித்ததும் அந்நூலின் இணைப்பிலேயாம்.

எஞ்சியவற்றைச் சுருங்கக் கூறுவோம். 1877-ம் ஆண்டில் அவர் சார்ஜெண்டு ஐயரோடு கல்கத்தாவில் அத்தியட்சராக அபிஷேகம் பெற்றார். அவ்வாண்டும் அடுத்த ஆண்டும் பெரும்பஞ்சம். மக்கள் துயர் துடைப்பதில் ஈடுபட்டு உழைத்தார். பாண்டியர் துறைமுகமாகிய கொற்கையையும் காயலையும் தேடி மணலை அகழ்ந்தார். 1847-ம் ஆண்டில் அடிக்கல் நாட்டிய இடையன்குடித் திருச்சபை ஆலயம் 33 ஆண்டு கட்டப்பெற்று 1880-ம் ஆண்டிற் பிரதிஷ்டையாயிற்று. திருநெல்வேலிச் சரித்திரத்தை ஆங்கிலத்தில் எழுதி 1881-ம் ஆண்டில் வெளியிட்டார். முதுமையில் தூத்துக்குடியில் தங்கி, அங்குக் கல்லூரி நிறுவினார்.

1891-ம் ஆண்டுத் தொடக்கத்தில் பணியினின்று ஓய்வு பெற்றார். ஓய்வு பெற்றும் தாய்நாடு செல்லவில்லை. கொடைக்கானல் மலையிலே தங்கி, அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் 28-ம் நாள், எழுபத்தேழாம் வயதில் உயிர் துறந்தார். உடலை மலையினின்றிறக்கி இடையன்குடிக்குக் கொண்டுவந்து, ஆலயத்தின் உள்ளே திருப்பீடத்தருகில் அடக்கஞ் செய்தனர். எலைசா அம்மையாரும் 1899-ம் ஆண்டிற் காலமாகி அவ்விடத்தேயே அடக்கம் பெற்றார்.