மரண தண்டனையில் உயிர்விட்ட அருளானந்தர்... அதே தண்டனை கூடாது எனச் சொல்ல திருச்சபைக்கு 325 ஆண்டுகள் ஆனது ஏன்?

புதுக்கோட்டை மாவட்டத்துக்குத் தெற்கே, எல்லையைத் தாண்டியதும் அதிக தூரமில்லை ஓரியூர். ராமநாதபுரம் மாவட்டத்தில் உள்ள அந்த ஊரின் மண் சிவப்பாக இருக்கும். அங்கே வெட்டப்பட்ட ஒரு துறவியின் ரத்தத்தால்தான் அப்படி ஆனது என்பது மக்களின் நம்பிக்கை. அவர்தான் அருளானந்தர் என்கிற ஜான் டி பிரிட்டோ.

யார் இவர்?

1647ல் போர்ச்சுக்கல்லின் லிஸ்பன் நகரில் பிறந்தவர். பெரிய இடத்துப் பிள்ளை. அரண்மனையில் இளவரசர்களோடு வளர்ந்தார். ஆனா 15 வயதிலேயே இயேசு சபையில் சேர்ந்துவிட்டார். அம்மா எவ்வளவோ தடுத்துப் பார்த்தும் கேட்காமல் 1673ல் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார்.

அடுத்த ஆண்டே மதுரை மிஷன் பணி. காவி உடை, சைவச் சாப்பாடு, தமிழ்ப் பெயர் என ஒரு பண்டார சுவாமியாகவே மாறிப்போனார். எல்லாச் சாதியினரிடமும் போய்ப் பேச அந்தக் கோலம்தான் வழிவிட்டது. இன்று புதுக்கோட்டை மாவட்டத்தில் இருக்கும் ஆவூர், பிற்காலத்தில் வீரமாமுனிவரும் பணியாற்றிய ஊர். அதுவும் இதே மதுரை மிஷன் வளர்த்த தலம்தான்.

முதல் முறை தப்பினார்

1686ல் மறவர் சீமையில் மதம் பரப்பியதாகப் பிடிபட்டார். கடும் சித்திரவதை. கடைசியில் கிழவன் சேதுபதி அவரை விடுவித்தார், இனி இங்கே போதிக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. தன் மனைவி காதலியின் அண்ணன் தம்பி உறவில் வந்த ரகுநாதத் தொண்டைமானுக்குப் புதுக்கோட்டைச் சீமையைக் கொடுத்த அதே சேதுபதிதான் இவர்.

அருளானந்தர் லிஸ்பன் திரும்பினார். அங்கேயே இருந்துவிடச் சொல்லி ராஜாவே கேட்டுப் பார்த்தார். நிம்மதியாக இருந்திருக்கலாம். 1690ல் மறுபடியும் இந்தியா வந்து, தடை போடப்பட்ட அதே மறவர் சீமைக்குள்ளேயே போனார்.

சிக்கல் எங்கே வந்தது?

அரச குடும்பத்தைச் சேர்ந்த தடியத்தேவர் நோயிலிருந்து குணமானதும் ஞானஸ்நானம் கேட்டார். அவருக்குப் பல மனைவிகள். ஒரே ஒருவரோடு மட்டும் வாழ வேண்டும் என்றார் அருளானந்தர். தடியத்தேவரும் முதல் மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் இளையவர் சேதுபதியின் உறவுப் பெண். அவர் நேராக சேதுபதியிடம் போய் முறையிட்டார். அந்தப் பெண்ணின் பக்கமும் ஒரு நியாயம் இருந்தது என்பதை மறந்துவிட முடியாது.

1693 ஜனவரியில் கைது. வெளியே சொன்னது, ஓரியூருக்கு நாடுகடத்தல். அங்கே அதிகாரத்தில் இருந்த சேதுபதியின் தம்பிக்கு ரகசியமாகப் போனது, கொன்றுவிடச் சொல்லும் உத்தரவு என்கின்றன மிஷன் பதிவுகள். கரியைத் தண்ணீரில் கரைத்து மையாக்கி, சிறையிலிருந்தே சக துறவிகளுக்குக் கடிதம் எழுதினார். பிப்ரவரி 4, விபூதிப் புதன் அன்று பாம்பாற்றங்கரையில் தலை வெட்டப்பட்டது. அப்போது அவருக்கு வயது 45.

கடிதத்தில் தெரிவது மரணத்தை ஆவலோடு எதிர்பார்க்கும் மனசு. தான் போதித்தது குற்றமாகிவிட்டது என்பதுதான் அவருடைய பேச்சு. அரசனுக்கு உயிரெடுக்க அதிகாரம் உண்டா என்ற கேள்விக்கே அவர் போகவில்லை. இன்றைய மரண தண்டனை எதிர்ப்பாளராக அவரைக் காட்டினால் அது வரலாறு ஆகாது.

திருச்சபையின் நிலை அப்போது என்ன?

குற்றம் செய்யாதவரைக் கொன்றதுதான் தப்பு, தண்டனையில் தப்பில்லை. இதுதான் அன்றைய போதனை. 13ஆம் நூற்றாண்டில் புனித தாமஸ் அக்வினாஸ் அரசுக்கு அந்த உரிமை உண்டு என்று வாதிட்டார். 1566ல் வந்த ரோமை மறைக்கல்வி நூலும் அதையே சொன்னது.

இதில் ஒரு முரண் இருக்கு. 1853ல் அருளானந்தருக்கு அருளாளர் பட்டம் கொடுத்தவர் போப் ஒன்பதாம் பத்திநாதர். அவர் ஒரு நாட்டுக்கு அரசரும்கூட. அதே காலத்தில் ரோமில் போப்பின் அரசுக்காகவே தலைகளை வெட்டிக்கொண்டிருந்தார் புகாட்டி என்ற கொலையாளர். 1796 முதல் 1864 வரை அவர் கையால் இறந்தவர்கள் 516 பேர். வெட்டுண்டவருக்குப் பட்டம் கொடுத்த அரசே வெட்டவும் செய்தது!

1947ல் அருளானந்தர் புனிதர் ஆனார். அப்போதும், போப்பைக் கொல்ல முயன்றால் மரணம் என்ற சட்டம் வாடிகனில் இருந்தது. ஆனா யாருக்கும் அது நிறைவேற்றப்படவில்லை. 1969ல்தான் ஆறாம் பவுல் அதை நீக்கினார்.

எப்போது மாறியது?

கொஞ்சம் கொஞ்சமாகத்தான். 1992 மறைக்கல்வி நூல், மிகக் கொடிய குற்றங்களுக்கு இடம் விட்டது. அப்படி ஒரு தேவை இன்று அநேகமாக வருவதே இல்லை என்று 1995ல் எழுதினார் இரண்டாம் யோவான் பவுல். 2018 ஆகஸ்ட்டில் போப் பிரான்சிஸ் நூலின் 2267வது பத்தியையே மாற்றினார். கொடிய குற்றம் செய்தவருக்கும் மனித மாண்பு போகாது, சமூகத்தைக் காக்க சிறைகள் போதும், திருந்தும் வாய்ப்பைப் பறிக்கக் கூடாது என்பவை அதில் உள்ள காரணங்கள். அதனால் மரண தண்டனையை எந்த நிலையிலும் ஏற்க முடியாது என்கிறது புதிய பத்தி.

உலகம் முழுக்க இந்தத் தண்டனையை ஒழிக்கப் பாடுபடுவதாகவும் அதே பத்தியில் திருச்சபை உறுதி சொல்கிறது. இந்தியச் சட்டத்தில் தூக்குத் தண்டனை இன்னும் இருக்கிறது. தமிழ்நாட்டில் 1995ல் சேலம் சிறையில் ஆட்டோ சங்கர் தூக்கிலிடப்பட்டார்.